தெருக்குழாய் முதல் கண்மாய் வரை: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருமுனை டீக்கடையை ஒட்டிய திண்ணையில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறோம். தண்ணீர் வரவில்லை, சாக்கடை பொங்குகிறது, விளக்கு எரியவில்லை, ரோடு பெயர்ந்துவிட்டது என்று வருவார்கள். மதுரைக்குள் இருப்பவர்களும் வருவார்கள், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் வருவார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளையும் நாங்கள் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் பிரச்சினைக்கு யார் பொறுப்பு என்றே தெரியவில்லை. எங்கே போவது?

பாதிப் பேர் இங்கேதான் சோர்ந்து போகிறார்கள். ஒரு ஆபீஸில் "இது எங்களுடையது இல்லை" என்பார்கள், அடுத்த ஆபீஸில் "அங்கேதான் போகணும்" என்பார்கள். அதனால் கிளம்புவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள், 5 மண்டலங்கள். குப்பை, தெருவிளக்கு, வீட்டுக் குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை, உட்தெரு ரோடு எல்லாம் மாநகராட்சியின் வேலை. விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சி. கம்பத்துக்கு மின்சாரமே வரவில்லை என்றால் மின்வாரியம். பெரிய ரோடு என்றால் அது மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையதாகவும் இருக்கலாம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் நகராட்சி. அதற்கு வெளியே பேரூராட்சிகள், அப்புறம் 13 ஊராட்சி ஒன்றியங்களில் 420 கிராம ஊராட்சிகள்.

கண்மாயில்தான் குழப்பம் அதிகம். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய் பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்த நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். ஊருக்குள் சிக்கிக்கொண்ட கண்மாயாக இருந்தால் தண்ணீர் ஒரு துறை, வரத்துக் கால்வாய் இன்னொரு துறை, கரையில் கொட்டுகிற குப்பை மாநகராட்சி என்று ஆகிவிடும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் கண்மாய் நிறைந்து பந்தல்குடி வாய்க்கால் ஓரத்துத் தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்ததே, அங்கே குடியிருந்தவர்களுக்கு இந்தத் துறைப் பிரிவுகளைப் பற்றி என்ன தெரியும்? கட்டில் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாட்டியிடம் போய் "இது நீர்வளத் துறை" என்று சொல்ல முடியுமா?

எந்தத் துறை என்று கடைசிவரை பிடிபடவில்லையா? மூன்று துறைக்கும் ஒரே மனுவின் நகலை அனுப்புங்கள். மேலே "பெறுநர்" என்ற இடத்தில் மூன்று பேரையும் எழுதுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால் அது எழுத்தில் பதிவாகிவிடும்.

கவுன்சிலரிடம் சொன்னேன், "பார்க்கிறேன்" என்றார். 1100-க்கும் போன் பண்ணினேன். அது போதாதா?

தொடக்கத்துக்குச் சரி. முதலமைச்சர் உதவி மைய எண் 1100-இல் சொன்னால் ஒரு மனு எண் கிடைக்கும். அந்த எண்ணைக் காலண்டரிலாவது குறித்து வையுங்கள். எண் இல்லாத புகார் காற்றில் போகும். கவுன்சிலரிடம் வாயால் சொன்னதற்கும் அதே கதிதான். அவரிடமும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். நல்ல கவுன்சிலராக இருந்தால் கோபப்பட மாட்டார். மாமன்றக் கூட்டத்தில் பேச அவர் கையில் ஒரு தாள் இருக்கும்.

மனுவை எப்படி எழுதணும்? எனக்கு ஆபீஸ் தமிழ் வராது.

வராததே நல்லது. "மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்கு" என்று தொடங்கி முக்கால் பக்கம் போனபின் விஷயத்துக்கு வருகிற மனுக்களை எத்தனையோ பார்த்துவிட்டோம். ஒரு மனுவில் ஒரே விஷயம். தண்ணீரையும் ரேஷன் கடையையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டுமே நகராது.

போன மாதம் ஓர் அக்கா வந்தார். "எங்க தெருவுல லைட்டே எரியல, பொம்பளைங்க நடக்க முடியல" என்று எழுதச் சொன்னார். எத்தனை லைட், எந்தக் கம்பம் என்று கேட்டோம். தெரியாது என்றார். "போய்ப் பார்த்துட்டு வாங்கக்கா" என்று அனுப்பினோம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். மகனின் கணக்கு நோட்டில் கிழித்த தாளில் மூன்று கம்பங்களின் எண்கள், பெயிண்ட் அழிந்த ஒரு கம்பத்துக்கு "மாவு மில் எதிரில்" என்ற குறிப்பு, எந்தெந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்பது, எல்லாம் இருந்தது. அந்த நாலு வரியைத்தான் மனுவாக எழுதினோம். வேறு எதையும் சேர்க்கவில்லை. ஐந்தாம் நாள் மூன்றும் எரிந்தன. எல்லா மனுவுக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பத்து எண்ணோடு போகிற மனுவைத் தட்டிக் கழிப்பது கஷ்டம்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் என்றால் ரசீதை பத்திரமாக வையுங்கள். 2025 செப்டம்பரில் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஆகவே கவுண்டரில் ஸ்பீடு போஸ்ட் என்றே கேளுங்கள்.

மனு கொடுத்தால் எத்தனை நாளில் பதில் தரணும்?

இதற்கு அரசாணையே இருக்கிறது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015-ஆம் ஆண்டு அரசாணை எண் 99 படி, மனு வந்த மூன்று நாளுக்குள் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தர வேண்டும்; ஒரு மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மனுவின் கடைசி வரியில் இந்த அரசாணை எண்ணைக் குறிப்பிட்டுவிடுங்கள். படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கூட்டம் கூட்டமாக மனு கொடுக்கிறார்களே, பலன் உண்டா?

உண்டு. ஆனால் அந்த மனு கடைசியில் நீங்கள் முதலில் போன அதே ஆபீஸுக்குத்தான் வரும். கலெக்டர் கையில் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியோடு நின்றுவிடாதீர்கள். வித்தியாசம் என்னவென்றால், இப்போது அதற்கு ஓர் எண் இருக்கும், மேலிருந்து ஒருவர் அதைக் கேட்பார். முன்பே கீழே கொடுத்த மனுவின் நகலை, முத்திரையோடு, இணைத்துக் கொடுங்கள். "ஏற்கெனவே இந்தத் தேதியில் கேட்டேன், பதில் இல்லை" என்பதுதான் திங்கட்கிழமை மனுவின் பலம்.

"நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்துவிட்டது. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை!

எனக்கு வயிறு எரிகிற இடம் இது. பிரச்சினை அப்படியே கிடக்கும், கம்ப்யூட்டரில் மட்டும் "தீர்வு காணப்பட்டது" என்று இருக்கும். அந்தப் பதிலைத் தூக்கி எறியாதீர்கள். அதைக் கொடுத்த அலுவலரின் பதவியும் தேதியும் அதில் இருக்கும். அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து இடத்தைப் போட்டோ எடுங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே ஒரு கேள்வி: "இந்த மனு எண்ணில் எடுத்ததாகச் சொல்லும் நடவடிக்கைக்கான கள ஆய்வு அறிக்கை, வேலை முடித்த பதிவு ஆகியவற்றின் நகல் தருக." இல்லாத அறிக்கையை அவர்களால் தர முடியாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது? வக்கீல் வேண்டுமா?

வேண்டாம். தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம்; இப்போது நாம் பயன்படுத்துவது 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். வெள்ளைத்தாளில் "பொதுத் தகவல் அலுவலர்" என்று பெறுநர் போட்டு, பிரிவு 6(1)-இன் கீழ் என்று எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் கேட்கவும் கூடாது, பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது. வேறு துறைக்குரிய கேள்வி என்றால் அவர்களே 5 நாளுக்குள் அந்தத் துறைக்கு அனுப்ப வேண்டும். 30 நாளுக்குள் பதில். உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய விஷயம் என்றால் 48 மணி நேரம். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய்.

எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. "ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்பார்கள். "ஏன்" என்பதற்குப் பதில் சொல்ல அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. அவர்களிடம் இருக்கிற தாளைக் கேளுங்கள்.

என் சித்தப்பா கொத்தனார். மதுரைக்கு வெளியே ஒரு சிற்றூரில் இருக்கிறார். அவர் தெருவில் தார் ரோடு போட்டார்கள். முதல் மழைக்கே ஓரம் பொரி மாதிரி உதிர்ந்தது. போய்க் கேட்டதற்கு "வேலை முடிஞ்சு பில் பாஸாயிடுச்சு" என்றார்கள். அவர் பேரில் நான் எழுதிக் கொடுத்தேன்: எஸ்டிமேட், வேலை உத்தரவு, அளவைப் புத்தகப் பக்கங்கள் (எம்-புக் என்பார்கள்), ஒப்பந்தக்காரர் எத்தனை வருடத்துக்குப் பழுதுபார்க்கப் பொறுப்பு என்ற ஷரத்து. 14 பக்கம் வந்தது, 28 ரூபாய் கட்டினோம்.

எம்-புக்கில் நீளம் 210 மீட்டர் என்று இருந்தது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. வேலைக்குக் கொண்டுபோகும் டேப்பை எடுத்தார். ஒரு நுனியைப் பக்கத்து வீட்டுப் பையன் மாரியம்மன் கோயில் படியில் பிடித்துக்கொள்ள, தெரு முழுக்க அளந்தார். அவர் டேப் 30 மீட்டர்தான். ஒவ்வொரு முறையும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, மறுபடி அங்கிருந்து. ஐந்து கோடு விழுந்தது, அதற்கு மேல் 13 மீட்டர். மொத்தம் 163.

அடுத்த மனு இரண்டே வரி: "அளவைப் புத்தகத்தில் 210 மீட்டர். தெருவின் நீளம் 163 மீட்டர். மீதி 47 மீட்டர் ரோடு எங்கே இருக்கிறது என்று நேரில் காட்டவும்."

பத்து நாளில் பொறியாளர் வந்துவிட்டார். "அளந்தது யாருங்க?" என்றார். "நான்தான் சார், நீங்களும் ஒருதடவை பிடிங்க" என்று டேப் நுனியை நீட்டினார் சித்தப்பா. யாரையும் சஸ்பெண்ட் செய்யவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உதிர்ந்த ஓரத்தை மறுபடி போட்டார்கள், பக்கத்தில் இருந்த மோட்டார் ரூம் சந்துக்கும் ரோடு வந்தது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தாளை மட்டுமல்ல, பொருளின் மாதிரியையும் கேட்கலாம். பிரிவு 2(ஜெ) படி வேலையையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடலாம், சான்றளித்த மாதிரி வாங்கலாம். போட்ட ரோட்டின் ஒரு துண்டை மாதிரியாகக் கேட்பது சட்டப்படி உங்கள் உரிமை.

பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. இதற்கு விதி உண்டா?

உண்டு. பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று தமிழ்நாடு தலைமைச் செயலாளர் 2021-இல் எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிட்டார். "மில்லிங்" என்பார்கள். எந்திரம் வந்து நிற்கும்போதே கேட்டுவிடுங்கள்; போட்ட பிறகு கேட்டால் பெயர்க்க மாட்டார்கள்.

30 நாள் ஆகியும் பதில் இல்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். அதே துறையில் மேல்முறையீட்டு அலுவலர் இருப்பார். அவருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணம் கிடையாது. அவர் 30 நாளில், அதிகம் போனால் 45 நாளில், முடிவு சொல்ல வேண்டும். அங்கும் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் தவறிய அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். அது அவர் சம்பளத்திலிருந்து போகும். ஆணையத்தில் காத்திருப்பு நீளம் என்பது உண்மைதான். ஆனால் முதல் மேல்முறையீடு போனதுமே பாதி ஆபீஸ்களில் பழைய கோப்பு கிடைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

குப்பை எடுக்க ஆளே வருவதில்லை. தூய்மைப் பணியாளரைக் கேட்டால் "ஆள் பத்தலை" என்கிறார்.

அவரைத் திட்டாதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். 2025-இல் வெளியான தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40-ஆவது இடம். மீனாட்சியம்மன் கோயில் உள்ள ஊருக்கு அது பெரிய தலைகுனிவு. நாம் கேட்க வேண்டியது இது: குப்பை அள்ளும் ஒப்பந்தத்தின் நகல், எங்கள் வார்டுக்கு ஒப்பந்தப்படி எத்தனை பணியாளர், எத்தனை வண்டி, போன மாதம் உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற வருகைப் பதிவு, எவ்வளவு பில் கொடுக்கப்பட்டது. 20 பேருக்குப் பில், 12 பேர் வருகை என்று தெரிந்தால், தெருவைக் கூட்டும் அம்மாவின் பக்கம் நாம் நிற்போம்.

கிராமசபையில் பேசினால் ஏதாவது நடக்குமா? எங்கள் ஊரில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

வருடத்தில் ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மதுரை மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களுக்குப் போனது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராமசபை உண்டு. கேள்வி கேட்கும் உரிமை வாக்காளருடையது.

கூட்டத்தில் படிவம் 30 என்ற வரவு செலவுச் சுருக்கத்தை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். இல்லை என்றால் அதைத்தான் முதலில் கேளுங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்திருக்க வேண்டும்; தலையை எண்ணுங்கள். முக்கியமாக ஒன்று: தீர்மான நோட்டு காலியாக வரும், "முதல்ல கையெழுத்துப் போடுங்க, அப்புறம் எழுதிக்கலாம்" என்பார்கள். போடாதீர்கள். எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

தீர்மானத்துக்கு மதிப்பு இல்லை என்று நினைப்பவர்கள் மேலூர்ப் பக்கம் கேட்டுப் பாருங்கள். அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது 2024 நவம்பரில் தெரிந்ததும், சுற்றியுள்ள ஊராட்சிகள் கிராமசபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு மக்கள் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடந்த கால்களுக்கு முன்னால் அந்தத் தீர்மான நோட்டுகள் போய்விட்டன.

நகரத்துக்குள் கிராமசபை மாதிரி ஏதாவது உண்டா?

ஏரியா சபை உண்டு, வார்டு கமிட்டியும் உண்டு. 2022-இல் விதிகள் வந்து, அந்த வருடம் நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. எங்கே, எப்போது என்று முன்கூட்டியே சொல்லாமல் நடத்துவதுதான் குறை. போன கூட்டத்தின் தேதியையும் நடவடிக்கைக் குறிப்பையும் கேட்டு ஒரு மனு போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிடுவார்கள்.

"நிதி இல்லை" என்று சொல்கிறார்களே, அதற்கு மேல் என்ன கேட்பது?

மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊர். திறந்த சாக்கடையும் நாற்றமும் தாங்காமல் ஒரு வார்டு மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி "பணம் இல்லை" என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார்: சட்டம் சுமத்திய கடமைக்கு நிதிப் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்ல முடியாது, சாக்கடை கட்டித்தான் ஆக வேண்டும். அந்த மக்கள் பயன்படுத்திய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவு. பொதுத் தொல்லையை அகற்றச் சொல்லி கோட்டாட்சியரிடம் அதன்படி மனு கொடுக்கலாம். நம்மூரில் அதிகம் பேர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

குழாய் இணைப்புக்கு லஞ்சம் கேட்கிறார்கள். கொடுத்தால் நானும் குற்றவாளியா?

கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள். ரசாயனப் பொடி தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் விரலைக் கரைசலில் முக்கினால் ரோஸ் நிறம் வரும். கட்டாயப்படுத்தி வாங்கிவிட்டார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு.

இப்படிக் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லையா? வீட்டில் பெரியவர்கள் "நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார்கள்.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச்சபையின் வாரியத்தில் (குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி தேர்வில் நிற்கக் கூடாது, அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது என்று வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆயிற்று. உங்கள் அப்பாவிடம் அதைச் சொல்லுங்கள்.

பயம் இருந்தால் அது நியாயம்தான். தனியாகப் போகாதீர்கள். ஒரே மனுவில் பத்துக் கையெழுத்து, நேரில் போகும்போது மூன்று பேர். யாரையும் பெயர் சொல்லித் திட்டாதீர்கள். வேலையைப் பற்றி மட்டும் எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் கேட்கலாம். சொத்துவரி உங்கள் பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது.

கோர்ட்டுக்குப் போகலாமா?

எல்லாம் செய்து பார்த்த பிறகு போகலாம். 2004-இலிருந்து உயர்நீதிமன்றக் கிளை மதுரையிலேயே இருக்கிறது; சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. "எங்கள் மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடுங்கள்" என்று கேட்கும் ரிட் மனுக்கள் அங்கே நிறைய. அதற்கும் முதல் சாட்சி, முத்திரை விழுந்த உங்கள் பழைய மனுதான். அதைத் தொலைத்தவருக்கு வக்கீலும் ஒன்றும் செய்ய முடியாது.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

சித்தப்பாவுக்கு ஆனதைச் சொல்கிறேன். நீதிமன்ற வில்லை 10 ரூபாய், நகல் 28 ரூபாய், இரண்டு தபால், ஒரு நாள் கூலி போனது. டேப் பிடித்த பையனுக்கு ஒரு பன் பட்டர் ஜாம்.